ஸ்பிரிங்வெளியிலிருந்து எவ்வளவு தூரம்?

பதுளைப் பட்டினத்தைக் கடந்து, நமுனுகுலை மலைப்பக்கமாக வளைந்து வளைந்து ஏறும் பாதையில் அமைந்திருப்பது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டம். மேகமற்ற ஓர் இரவில் எங்கள் லயத்து வாசலில் அமர்ந்திருந்தபோது, உயரே ஒரு விமானத்தின் விளக்கு மினுமினுத்துச் சென்றது. "சீமைக்குப் போக எத்தன மணி நேரமாகும், ராசா?" என்று வினவினார் என் அப்பாயி.

வினா எளியது, விடையோ சற்று ஆராய வேண்டியது. கட்டுநாயக்காவிலிருந்து இலண்டன் ஹீத்ரோ விமான நிலையம் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகமெனக் கொண்டால் 9 மணி 40 நிமிடத்தில் சென்றுவிடலாம். ஆயினும் நேரடி விமானத்திற்குச் சுமார் 11 மணி நேரம் ஆகின்றது. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைகின்றது. வான்பாதையும் முற்றிலும் நேரானதன்று. அன்றியும், உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று, போகும்போது எதிர்க்கின்றது. திரும்பும்போது பின்னின்று தள்ளுகின்றது. அதனால் திரும்பும் பயணம் சற்றுக் குறுகும்.

மாணவர்கள் இன்னொன்றையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். குளிர்காலத்தில் இலண்டன் கடிகாரம் நம்முடையதற்கு 5½ மணி நேரம் பிந்தியது. இங்கே பகல் 1 மணிக்குப் புறப்பட்டவர், அங்கே அன்று மாலை 6.30 மணிக்கு இறங்குவார். பயணச்சீட்டை மட்டும் பார்ப்பவர் 5½ மணிப் பயணமென்று மயங்கக்கூடும்.

யாவற்றையும் கேட்ட அப்பாயி, "அப்ப, கோத்தகிரிக்கு?" என்றார்.

நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியில்தான் அவருடைய அண்ணன் வாழ்ந்தார். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, எழுபதுகளில் பதுளையிற் புகையிரதம் ஏறி, தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சென்றவர்களுள் அவரும் ஒருவர். எண்பதுகளின் போர்க்காலத்தில் அக்கப்பற் சேவை நின்றுபோயிற்று.

ஸ்பிரிங்வெளிக்கும் கோத்தகிரிக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 670 கிலோமீற்றர்தான். விமான வேகத்தில் ஒரு மணி நேரமும் ஆகாது. மனிதர் செல்லும் வழியோ வேறு. பதுளையிலிருந்து கொழும்புக்கு இராப்பயணம், கட்டுநாயக்காவில் 3 மணி நேரக் காத்திருப்பு, சென்னைக்கு ஏறத்தாழ 1¼ மணி நேரப் பறப்பு, பின் மேட்டுப்பாளையம் வரை ஓரிரவு இரயில், அப்பால் மலைப்பாதை. விசாவுக்குக் காத்திருக்கும் நாட்கள் தனி.

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், அண்ணன் காலமான செய்தி தொலைபேசியில் வந்தது. மறுநாளே அடக்கம். அப்பாயி பீலித் தண்ணீரில் தலைமுழுகிவிட்டு, வடக்கு நோக்கிக் கும்பிட்டார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவே.

விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட நேரத்தை அட்டவணை கூறிவிடும். நம் வாசலிலிருந்து உறவினர் வாசல்வரை ஆகும் நேரத்தை நாமே கூட்டிப் பார்த்தல் வேண்டும். நானும் மனத்துக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு ராத்திரி ஆகும், அப்பாயி" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின், "கப்பல் ஓடுன காலத்துலயும் ரெண்டு மூணு ராத்திரிதான், ராசா" என்று சொல்லி, உள்ளே எழுந்து போனார்.