நட்டம் வந்தாலும் தண்டனை தண்டனைதான்!

2018 மார்ச் 24, கேப் டவுன் டெஸ்டின் மூன்றாம் நாள். ஆஸ்திரேலியாவின் பான்கிராஃப்ட் பந்தைத் தேய்க்க உப்புத்தாளை மறைத்து வைத்திருந்ததை கேமரா காட்டிக் கொடுத்தது.

ஐ.சி.சி. கேப்டன் ஸ்மித்துக்குக் கொடுத்தது ஒரே ஒரு டெஸ்ட் தடையும், அந்த ஆட்டத்தின் முழுச் சம்பள அபராதமும். பான்கிராஃப்டுக்கு 75 சதவீத அபராதம். அவ்வளவுதான்!

ஆனால் ஆஸ்திரேலிய வாரியம் அத்தோடு விடவில்லை. ஸ்மித்துக்கும் துணைக் கேப்டன் வார்னருக்கும் ஓராண்டுத் தடை. பான்கிராஃப்டுக்கு ஒன்பது மாதம். கவனித்தீர்களா? உப்புத்தாளைக் கையில் எடுத்தவருக்குத்தான் குறைவு. திட்டம் போட்ட வார்னருக்கும், தெரிந்தும் தடுக்காத ஸ்மித்துக்கும் அதிகம். கம்பெனியில் மோசடி நடந்தால் குமாஸ்தாவை மாட்டிவிட்டு மேலாளர் தப்பிப்பது போல் இங்கே நடக்கவில்லை.

இதற்கு வாரியம் விலையும் கொடுத்தது. இருவரும் இல்லாத ஆஸ்திரேலியா, 2018-19ல் முதல் தடவையாக சொந்த மண்ணில் இந்தியாவிடம் டெஸ்ட் தொடரை 2-1 என இழந்தது.

நமக்கு வேண்டாத வீரரைத் தண்டிப்பது சுலபம். அணிக்கு மிகவும் தேவைப்படும் வீரரையும் தண்டித்தால்தான் அது நியாயம். "நல்லா ஆடுறாரே, விட்டுடலாம்" என்று நினைக்கும் எல்லா வாரியங்களும் இதை யோசிக்கட்டும்.