பால் கணக்கு நோட்டில் சிலோன் அம்மா

ஏப்ரல் 14, 2024

சித்திரை முதல் நாள். பால்காரர் புது நோட்டு போட்டுத் தந்தார். அட்டையில் 'சிலோன் அம்மா' என்று எழுதியிருக்கிறது. அவர் மேல் வருத்தமில்லை. அவருடைய அப்பா பால் ஊற்றிய காலத்திலிருந்தே எங்கள் வீட்டுக்கு அதுதான் பெயர். இலங்கையிலிருந்து நாங்கள் உடன்குடிக்கு வந்தது 1974இல். இங்கேயே கட்டிக் கொடுத்து, பிள்ளை பெற்று, பேரனும் எடுத்தாயிற்று. நோட்டில் மட்டும் இன்னும் கரை சேரவில்லை.

மே தினத்தன்று எங்கள் மகளிர் குழுப் பெண்கள் மத்தியில் பேச வேண்டும் என்று குழுத் தலைவி கேட்டிருக்கிறார். "யாரைப் பத்தி பேசப் போறிய மைனி?" என்றார். யோசிக்காமல் சொன்னேன்: "மீனாட்சியம்மாளப் பத்தி."

"எந்த மீனாட்சியம்மா? நம்ம தெருவா?"

நம்ம தெருவாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஏப்ரல் 16

அம்மாவின் நினைவாகவே இருக்கிறது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினர் ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பிரித்தார்கள். அந்தக் கணக்கில் நாங்கள் நான்கு தலை. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். மண்டபம் முகாமில் சில நாள் இருந்துவிட்டு, தாத்தாவின் பூர்வீகம் என்று இங்கே வந்தோம். அவருடைய அப்பா தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனவர்.

வீடு கேட்டு நின்றபோது வாசலில் நடந்தது இன்னும் காதில் இருக்கிறது.

"நீங்க எந்த ஊரு ஆளுவ?"

"இந்த ஊருதாங்க."

"இந்த ஊருன்னா இத்தன நாளு எங்க இருந்திய? சொக்காரங்க யாரு இருக்காவ?"

அம்மாவிடம் பதில் இல்லை. சொந்தக்காரர் என்று போன வீட்டில்கூடத் திண்ணையோடு அனுப்பிவிட்டார்கள். இலங்கையில் எங்களை 'இந்தியாக்காரர்' என்றார்கள், இங்கே 'சிலோன்காரர்' என்றார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் அறையைக் 'காம்பரா' என்று சொல்லிவிட்டேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாங்கள் குடியிருந்த அறைக்கு அதுதான் பேர். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு வருடம் வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை.

அம்மா பெட்டி முடையக் கற்றுக்கொண்டது அந்த வருடம்தான். கருப்பட்டி அடைத்து அனுப்ப ஓலைப்பெட்டி வேண்டுமே. ஓலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, ஈரம் காயுமுன் பின்ன வேண்டும். வருடக்கணக்காகக் கொழுந்து கிள்ளிய கை அம்மாவுக்கு. வலது கட்டைவிரல் நகம் தடித்துக் கறுத்து, விரல் இடுக்கில் தேயிலைக்கறை ஓடியிருக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது. அந்தக் கட்டைவிரலால்தான் ஓலைப் பின்னலை இறுக்குவாள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மை அந்தக் கையைப் பிடித்துப் பார்த்து, "ஏளா, இது உழைச்ச கையில்லா" என்றார். உடன்குடியில் எங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை.

ஏப்ரல் 17

சாரல்நாடனின் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' புத்தகத்தை மறுபடி எடுத்தேன். இதில்தான் மீனாட்சியம்மாளை முதலில் கண்டேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கொழும்புக்குப் போய்ப் பத்திரிகை நடத்தியவர் நடேசய்யர். தோட்டத்துக்குள் வெளியாள் நுழைந்தால் அத்துமீறல் குற்றம் என்று பிடித்த காலம் அது. அதனால் புடவை வியாபாரி வேஷத்தில் லயத்துக்குள் போனவர். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் கண்டார். அவர் பெயராவது புத்தகங்களில் நிலைத்தது. கூடவே நின்ற மனைவி மீனாட்சியம்மாள் பத்திரிகை வேலை பார்த்தார், கூட்டம் தொடங்குமுன் பாரதி பாட்டுகளைப் பாடினார், தாமே பாட்டுக் கட்டியும் பாடினார். எழுதப் படிக்க வாய்ப்பில்லாத ஜனத்துக்குக் கட்டுரை எட்டாது, பாட்டு எட்டும். கூட்டத்தில் கேட்டது அன்று ராத்திரி லயத்தில் திரும்பப் பாடப்படும். அய்யர் வீட்டுப் பெண் மேடையேறுவதே அதிசயமான காலத்தில், கூலி என்று ஊர் ஒதுக்கிய மக்கள் நடுவே போய் நின்று பாடினார்.

அன்றைய கூலி எவ்வளவு? 1927ஆம் வருடக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. மலை ஏறிக் கூடை நிறைத்தவள் பெண், பதினோரு சதம் குறைவாக வாங்கியவளும் அவளே. இதைப் பேச்சில் சொல்ல வேண்டும்.

உலகப் பொருளாதார மந்தநிலை வந்ததும் வேலை பறிபோனவர் கோபம் இந்தியர் மேல் திரும்பியது. ஒரு காலத்தில் நடேசய்யரோடு சேர்ந்து நின்ற தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவே இந்தியருக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். 1939இல் இலங்கை அரசாங்கத்தில் தினக்கூலி பார்த்த இந்தியரை நீக்க முடிவெடுத்தார்கள். நேரு போய்ப் பேசியும் பலனில்லை. அந்த ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து இலங்கைக்குக் கூலியாட்கள் போவதை இந்தியா தடுத்துவிட்டது. மறு வருடம், 1940இல், மீனாட்சியம்மாள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று பாட்டுப் புத்தகம் போட்டார். விரட்டுகிறவர்களின் ஊரிலேயே நின்று, தம் பெயரைப் போட்டு வெளியிட்டார். எனக்கு இதுதான் பெரிது. பெயர் போடாத நோட்டீஸ் யாரும் அடிக்கலாம்.

ஏப்ரல் 19

காலையிலேயே போய் ஓட்டுப் போட்டு வந்தேன். விரல் மை காயும்வரை பாட்டி நினைப்பு.

பாட்டி 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவள். அந்தத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் ஜெயித்தார்கள். அடுத்த வருடமே பிரஜா உரிமைச் சட்டம் வந்தது, 1949இல் ஓட்டும் போயிற்று. ஏழு லட்சம் பேர் அளவுக்கு ஒரே அடியில் நாடற்றவரானார்கள். 1952 தேர்தலன்று பாட்டி வழக்கம்போல் கொழுந்தெடுக்கப் போனாளாம். 1977இல் இங்கே அம்மா முதல் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, மைக்கறை விரலைத் தண்ணீர் படாமல் தூக்கி வைத்துக்கொண்டே சமைத்தாள்.

ஏப்ரல் 20

திருச்சி கொட்டப்பட்டு இலங்கை அகதிகள் முகாமில் ஒரு பெண் நேற்று முதல் ஓட்டுப் போட்டிருக்கிறார். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்ததால் சட்டப்படி அவர் இந்தியர்தான் என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் சொல்லியிருந்தது. அதைச் சொல்லவைக்க அவர் கோர்ட்டு ஏற வேண்டியிருந்தது. அவருக்குப் பின் எத்தனையோ பேர் அதே படியேற நிற்கிறார்கள்.

நாங்கள் ஒப்பந்தத்தில் வந்தவர்கள், கையில் பாஸ்போர்ட்டோடு இறங்கினோம். 1983 கலவரத்துக்குப் பின் அகதிகளாக வந்தவர்களுக்கு அதுகூட இல்லை. எங்களையும் அவர்களையும் ஊர் ஒரே சொல்லால் கூப்பிடுகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை, அவர்களோடு சேர்த்தே கூப்பிடட்டும்.

ஏப்ரல் 28

என் கதையையும் சொல்லச் சொல்கிறார்கள். சொல்ல என்ன இருக்கிறது? கல்யாணத்துக்கு அப்புறம் தனித்தேர்வு எழுதிப் பத்தாவது தேறினேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், எங்களைப் போல் வந்த ஒரு குடும்பத்துக்கு ரேஷன் கார்டு மனு எழுதிக் கொடுத்தேன். பிறகு விதவைப் பென்சன் மனு, பட்டா மனு. என்னைச் 'சிலோன்காரி' என்று தள்ளி வைத்த வீட்டுக்காரம்மாவே ஒரு நாள் பேப்பரும் பேனாவுமாக வந்து நின்றார். உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, எழுதிக் கொடுத்தேன்.

பெட்டிக்கு விலை கூட்டிக் கேட்டுப் பதினோரு பெண்கள் ஒரு வியாபாரியிடம் போனபோது, "நீ வெளியூர்க்காரி, நீ பேசாதே" என்றார் அவர். பக்கத்தில் நின்ற பெரியம்மை, "அவ பேசட்டும், எங்களுக்குத்தான் பேசுதா" என்றார். பேசினேன். ஒன்பது வயதில் அடைத்துக்கொண்ட வாய் முழுசாகத் திறந்தது அன்றைக்குத்தான். அதற்கு ஆறு மாதம் கழித்துத்தான் சாரல்நாடன் புத்தகம் கைக்கு வந்தது. படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன்.

மே 1, இரவு

பேசி முடித்தேன். 43 சதம் என்றதும் பெண்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். முடையும் கூலியும் விடிலியில் கருப்பட்டி காய்ச்சும் கூலியும் கணக்குப் போட்டார்கள். பாதிப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு கல்லூரிப் பிள்ளை, "அந்தப் பாட்டுல ஒண்ணு பாடுங்க அத்தை" என்றாள். பாட என்னிடம் புத்தகம் இல்லை. அதைப் பற்றிப் படித்திருக்கிறேனே தவிர, அச்சான பிரதியைக் கையில் தொட்டதில்லை.

உடன்குடி, குலசேகரன்பட்டினம், மணப்பாடு, காயல்பட்டினம் பக்கம் கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்கள் நிறைய. பரணில் சிலோன் பெட்டி இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் ஒரு தடவை திறந்து பாருங்கள். 1940இல் அச்சானது, ஆசிரியர் பெயர் மீனாட்சியம்மாள். கிடைத்தால் சொல்லி அனுப்புங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். உடன்குடியில் சிலோன் அம்மா வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.