ஸ்டியரிங் ஆடியது... டீசல் நோட்டு காட்டிக்கொடுத்தது!

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது அவர். வண்டிக்குக் கணக்கு எழுதுவது நான். எத்தனை லிட்டர் டீசல், எந்த ஊருக்கு லோடு, மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், ஆயில் மாற்றிய தேதி, பஞ்சர் போட்ட காசு... எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஏறிவிடும். "இதையெல்லாம் எழுதி என்ன பண்ணப்போற?" என்று அவர் கேலி செய்வார். அந்த நோட்டுதான் போன ஆடி மாதம் எங்களைக் காப்பாற்றியது.

ராஜபாளையம் எங்கள் ஊர். மேற்கே மலையைப் பார்த்துப் போனால் அய்யனார் கோவில் வரை வழியெல்லாம் மாந்தோப்பும் தென்னந்தோப்பும்தான். சித்திரையில் தொடங்கினால் சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று மூன்று மாதம் எங்கள் பிக்கப் வண்டிக்கு ஓய்வே கிடையாது. தோப்பில் ஏற்றி மதுரை மார்க்கெட்டில் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். வண்டி பழசு. நாங்கள் மூன்றாவது கை. ஆனாலும் இரண்டு பிள்ளைகள் படிப்பது அதன் நான்கு சக்கரத்தில்தான்.

ஜூன் கடைசியில் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர், "வண்டி ஸ்டியரிங் லேசா ஆடுது" என்றார். மறு வாரம் 'லேசா' என்ற சொல் போய்விட்டது. மதுரை போய் வந்தால் முன்னங்கை மரத்துப்போகிறது என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தார்.

யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். "வீல் பேலன்சிங் பாரு" என்றார் ஒருவர். பார்த்தோம். அலைன்மென்டும் செய்தோம். ஆட்டம் நிற்கவில்லை. "ஷாக் அப்சார்பர் போயிருக்கும்" என்றார் இன்னொருவர். முன்பக்கம் இரண்டையும் மாற்றினோம். நிற்கவில்லை. "இன்ஜின் மவுண்டிங் ரப்பர்" என்றார் மூன்றாமவர். அதையும் மாற்றினோம். என் நோட்டில் கூட்டிப் பார்த்தால் 11,400 ரூபாய். அறுபதில் போனால் ஸ்டியரிங் அப்படியே நடுங்கிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் நாத்தனார் மகனுக்கு வேலை கிடைத்த நேர்த்திக்கு அய்யனார் கோவிலில் பொங்கல் வைப்பது என்று முடிவானது. "வேன் எதுக்கு? நம்ம வண்டிதான் இருக்கே. பின்னாடி ஜமுக்காளத்தை விரிச்சா பதினெட்டுப் பேர் உட்காரலாம்" என்றார் அத்தை. காலங்காலமாக அப்படித்தான் போயிருக்கிறோம். நானே கல்யாணமான புதிதில் அந்த லோடு பலகையில் கால் நீட்டி உட்கார்ந்து, ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனவள்தான்.

ஆனால் இந்த முறை எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆடுவது எது என்றே தெரியாத வண்டியில் ஏழு பிள்ளைகளையும் ஏற்றி அனுப்புவதா? "ஆட்டம் எதனாலன்னு தெரியாம யாரும் ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை சரியில்லை.

மூன்றாம் நாள் நானே அவரோடு ஏறிக்கொண்டேன், நோட்டும் பேனாவுமாக. வெறும் வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய் வந்தோம். அவர் வேகத்தைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 45-ல் ஆட்டம் ஆரம்பம். 55-லிருந்து 60-க்குள் உச்சம். 70 தாண்டினால் குறைகிறது. நாலாவது கியரிலும் மூன்றாவது கியரிலும் அதே வேகத்தில் அதே ஆட்டம். ஆளில்லாத நேர் சாலையில் ஒரு நிமிடம் நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தார். ஆட்டம் அப்படியே இருந்தது. (இதைச் செய்து பார்ப்பவர்கள் சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.) பிரேக் பிடித்தால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் கையில் ஸ்டியரிங் துள்ளுகிறது. என் சீட் சும்மா இருக்கிறது. இன்னொன்றையும் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன்: காலையில் கிளம்பும்போது குறைவு, மதுரையிலிருந்து திரும்பும்போது அதிகம்.

அந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு தென்காசி ரோட்டில் இருக்கும் ஒரு பழைய மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனோம். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு நோட்டைப் படித்தவர், "தங்கச்சி, பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்களே" என்றார்.

பிறகு ஒவ்வொரு வரியாக எங்களுக்குப் புரிய வைத்தார். கியர் மாறினாலும், நியூட்ரலில் விட்டாலும் ஆட்டம் மாறவில்லை என்றால் இன்ஜின் குற்றவாளி இல்லை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் டிரம்மோ டிஸ்க்கோ கோணியிருக்கும்; அதுவும் இல்லை. சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரத்தையோ புரொப்பல்லர் ஷாஃப்டையோ பார்க்க வேண்டும். ஸ்டியரிங் மட்டும் ஆடினால் முன் சக்கரம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உச்சத்துக்குப் போகிறது என்றால், சுற்றுகிற ஏதோ ஒன்று வட்டமாக இல்லை, அல்லது எடை சமமாக இல்லை.

"அதென்ன அண்ணாச்சி அறுபதுல மட்டும்?" என்று கேட்டேன்.

"ஊஞ்சல் ஆட்டியிருக்கீங்கல்ல? அது வர்ற நேரம் பார்த்துத் தள்ளுனா உசரமாப் போகும். கண்ட நேரத்துல தள்ளுனா போகாது. வண்டியோட முன் பக்கத்துக்கும் அப்படி ஒரு தாளம் இருக்கு. அறுபதுல சக்கரம் சரியா அந்தத் தாளத்துல தட்டுது."

வீட்டுக்கு வந்து மகனை உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன். எங்கள் வண்டிச் சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 8 முறை சுற்றுகிறது. அப்போது ரிம்முக்குள் 100 கிராம் சேறு ஒட்டியிருந்தால்கூட, அது சுமார் 5 கிலோ விசையோடு சக்கரத்தை இழுக்குமாம். ஓடையில் இறங்கி ஏறும் வண்டிகளுக்கு ரிம்மின் உள்பக்கச் சேற்றைக் கழுவிவிட்டாலே சில சமயம் ஆட்டம் நின்றுவிடும் என்று அண்ணாச்சி சொன்னது அப்போதுதான் விளங்கியது.

எங்கள் வண்டியில் சேறு இல்லை. பின் சக்கரங்களுக்கு அண்டைக் கல் கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டும் வைத்தார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். லேசான அசைவு. பையனைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். அசைவு நின்றுவிட்டது. "பிரேக் மிதிச்சும் அசைஞ்சா கிங் பின். மிதிச்சதும் நின்னா பேரிங். இது பேரிங்தான், ஒரு திருகு முடுக்குனா போதும்" என்றார். அடுத்து இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினார். இடது சக்கரத்தில் 'டக் டக்' என்று சத்தம். டை ராட் எண்ட் தேய்ந்திருந்தது.

"அப்ப இதுதானா?" என்றார் இவர், நிம்மதியாக.

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. ஒரு செங்கலை நிறுத்தி, அதன் மேல் சாக்பீஸை டயருக்கு மயிரிழை தூரத்தில் வைத்து, இடது சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை சாக்பீஸ் 'சரக்' என்று உரசியது. உரசிய இடத்தில் நிறுத்தி, கையை டயரின் உள்பக்கம் விட்டுத் தடவினார். பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். கொழுக்கட்டை அளவுக்கு ஒரு வீக்கம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

"உள்ள அடுக்கு பிரிஞ்சிருச்சு தங்கச்சி. ஓட ஓடச் சூடாகி வீங்குது. அதான் திரும்பி வர்றப்ப ஆட்டம் கூடுது. பேலன்சிங்ல எடையைச் சரி பண்ணியிருப்பாங்க. எடை சரியானா உருண்டை ஆயிருமா? டயர் தட்டுது, தேஞ்ச டை ராட் எண்ட் அதை இன்னும் பெருசாக்கி ஸ்டியரிங் வரைக்கும் கொண்டாருது. இது எப்ப வெடிச்சிருக்கும்னு சொல்ல முடியாது. வெடிச்சா முன் சக்கரம். வண்டி கையில நிக்காது."

இடது முன் சக்கரம். நான் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே.

"இந்த டயர் எப்போ மாட்டுனது?" என்று கேட்டார். இவருக்கு நினைவில்லை. நான் நோட்டைப் புரட்டினேன். ஜூன் 4: 'பஞ்சர். டயர் கிழிசல். ஸ்டெப்னி மாட்டியது.' என் கையெழுத்து. அதற்குக் கீழே அன்றைக்கே இன்னொரு வரி: 'ஸ்கூல் பீஸ் கட்டியது.'

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு இவர் புது டயர் வாங்கலாம் என்றுதான் சொன்னார். நான்தான், "என்னங்க, ஸ்டெப்னிதான் நல்லா இருக்கே. சின்னவளுக்கு பீஸ் கட்டணும். சீசன் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்றேன். பிறகு இருவருமே மறந்துபோனோம்.

அண்ணாச்சி டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டத்தைக் காட்டினார். அதற்குள் 3114 என்று நான்கு இலக்கம். "முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். 2014-ல் 31-வது வாரம் செஞ்ச டயர். அதுக்கு மேல ரீட்ரெட் போட்டிருக்கு. தோல் புதுசு, உடம்பு பழசு." 2014 எங்கள் சின்னவள் பிறந்த வருஷம். அவள் வயது டயரைத்தான், அவள் பீஸுக்காக, முன் சக்கரத்தில் மாட்டி ஓட்டியிருக்கிறோம். நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. இவரும் ஒன்றும் சொல்லவில்லை. கடையை விட்டு வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தார்.

முன்னால் இரண்டும் புது டயர், இரண்டு பக்கமும் டை ராட் எண்ட், பேரிங் முடுக்கல், கடைசியாக அலைன்மென்ட். டை ராட் எண்டைக் கழற்றினாலே அலைன்மென்ட் மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டேன். முதலில் தண்டமாகப் போன 11,400 கையில் இருந்திருந்தால் டயர் செலவில் பெரும்பகுதி அதிலேயே முடிந்திருக்கும். இவ்வளவுக்கும் மற்றவர்கள் யாரும் எங்களை ஏமாற்றவில்லை. நாங்கள் 'ஆடுது' என்றோம். அவர்கள் தெரிந்ததைச் சொன்னார்கள். எப்போது ஆடுகிறது, எந்த வேகத்தில், எங்கே தெரிகிறது, அதற்கு முன்னால் வண்டியில் என்ன மாற்றினீர்கள்... இந்த நான்கு கேள்வியையும் அண்ணாச்சியைத் தவிர யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரை வாங்கி வருவது போலத்தான் அது.

வண்டி சரியாகிவிட்டதே, இனி எல்லோரும் ஏறலாம் என்றார் அத்தை. அதற்கும் அண்ணாச்சிதான் பதில் சொல்லி அனுப்பியிருந்தார். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவர்களுக்கு இழப்பீடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. "அய்யனார் காப்பாத்துவார்தான். ஆனா டயருக்குள்ள அவர் கையை விட்டுப் பார்க்க மாட்டார், நாமதான் பார்க்கணும்" என்று அத்தையிடம் நான் சொன்னபோது, முதலில் முறைத்தவர் அப்புறம் சிரித்துவிட்டார்.

ஆடி மூன்றாம் வெள்ளி, எல்லோரும் வாடகை வேனில் முன்னால் போனார்கள். பிக்கப்பில் பொங்கல் பானை, அரிசி, விறகு, வாழைத்தார், முன் சீட்டில் நாங்கள் இருவர். ஊரைத் தாண்டியதும் வழக்கம்போல என் கை டாஷ்போர்டில் போய் உட்கார்ந்தது.

"என்ன பார்க்குற?" என்றார்.

"ஆடுதான்னு பார்க்குறேன்."

அவர் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். நீர்காத்த அய்யனார் கோவிலில் அன்று பொங்கல் நன்றாகப் பொங்கியது.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டி ஒன்று நின்றால், இன்றைக்கு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஐந்து டயரிலும், ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்த நான்கு இலக்கத்தைத் தேடிப் படித்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அப்படியே டயரின் உள்பக்கம் ஒரு தடவை கையால் தடவிப் பாருங்கள். எங்கள் நோட்டில் இப்போது 'ஆட்டம்' என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு நடைக்கும் அவரே கேட்டு எழுதச் சொல்கிறார்: 'இல்லை.'