'உம்' என்றோர் ஒட்டு

மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் வந்தார்கள். முதல் வாக்கியத்தில் வந்தவர்கள் யாரோ, எவரோ. இரண்டாவதில் வந்தவர்கள் நமக்கு ஏற்கெனவே தெரிந்த மூவர், எதிர்பார்த்த ஆட்கள், அவர்களில் ஒருவரும் பாக்கியில்லை. இத்தனையையும் சொல்லிவிடுவது வாலில் ஒட்டிக்கொண்ட ஒரு 'உம்'.

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. மலையாளம், தெலுங்குக் கதைகளைத் தமிழாக்குகிறேன். கதை இல்லாத மாதங்களில் படிவம், அறிவிப்பு, ஒப்பந்தம் என்று எது வந்தாலும் செய்கிறேன். பெரிய சொல்லுக்கு அகராதி இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. இந்த ஒட்டுக்கு அகராதியைப் புரட்டிப் பயனில்லை. ஆங்கிலம் ஆண்ட், ஆல்சோ, ஈவன், ஆல், எனி, தோ என்று ஆறேழு சொற்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்த வேலையைத் தமிழ் இந்த ஒன்றின் தலையில் கட்டியிருக்கிறது. தொல்காப்பியத்தின் இடையியல் இதற்கு எட்டுப் பொருள் சொல்கிறது. பின்னால் வந்த நன்னூலும் எட்டு என்றே வைத்துக்கொள்கிறது. பள்ளியில் எண்ணும்மை, முற்றும்மை, சிறப்பும்மை என்று மனப்பாடம் செய்து தேர்வோடு விட்டுவிட்டவைதான். தொழிலுக்கு வந்தபின் நான் திரும்பப் போய்ப் படித்த இலக்கணம் பெரும்பாலும் இந்த ஒரு பகுதி.

பக்கத்து மொழிகளில் இதன் உருவம் மாறுகிறது. வேலை அவ்வளவாக மாறுவதில்லை. தெலுங்கில் 'முக்குரு வச்சாரு' என்றால் மூன்று பேர் வந்தார்கள். 'முக்குரூ வச்சாரு' என்றால் மூன்று பேரும் வந்தார்கள். காதுக்கு ஒரு மாத்திரைதான் வித்தியாசம். கண்ணுக்கோ ஒரு சிறு கோடு. மங்கிய நகலை வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கும்போது அந்தக் கோடு இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருக்கிறேன். கன்னடத்திலும் இதே கதை: 'மூவரு பந்தரு', 'மூவரூ பந்தரு'. பழைய கன்னடத்தில் அது முழு 'உம்'மாகவே இருந்தது. காலத்தில் தேய்ந்து வெறும் நெடிலாகிவிட்டது. நாமும் பேச்சில் மகரத்தை மூக்கோடு விழுங்கி 'நானு', 'வந்தாலு' என்றுதானே பேசுகிறோம்?

மலையாளத்தில் 'உம்' அப்படியே இருக்கிறது. ஞானும் நீயும், ஆரும் வன்னில்ல, வன்னாலும். தமிழனுக்கு இதைவிட எளிது வேறில்லை என்று தோன்றும். அந்த எளிமைதான் ஆபத்து. வினைமுற்றில் வரும் 'உம்' அங்கே எல்லாருக்கும் பொது: ஞான் வரும், நீ வரும், அவர் வரும். இன்றைய எழுத்துத் தமிழில் வரும், போகும் என்பதெல்லாம் அஃறிணைக்கு மட்டும். பழந்தமிழில் இது கொஞ்சம் தாராளமாக இருந்தது. அவன், அவள் வரைக்கும் செல்லும், பலர்பாலுக்கும் தன்மை முன்னிலைக்கும் செல்லாது. அதனால் மலையாளக் கதையில் ஒரு தாய் மகனைப் பற்றி 'அவன் வரும்' என்று சொல்லும்போது, அப்படியே விட்டுவிடலாமே என்று ஒரு கணம் கை தயங்கும். விடக்கூடாது. தமிழில் அது சங்கப் பாட்டின் வாசனை அடிக்கும். அந்தத் தாய் அடுப்படியில் நின்றுகொண்டு சாதாரணமாகப் பேசுகிறாள். 'வருவான்' என்றே எழுத வேண்டும். (இந்த வினை 'உம்'மும் பெயரோடு ஒட்டும் 'உம்'மும் ஒன்றுதானா என்பது புலவர்கள் பாடு.)

சிங்களம் வேறு குடும்பத்து மொழி. ஆனால் 'மமத்' என்றால் நானும். 'கவுருத்' என்பது எதிர்மறை வாக்கியத்தில் நம்முடைய யாரும். 'ஆவத்' என்றால் வந்தாலும். கடைசியில் நிற்கும் தகர ஒற்றுதான் அங்கே 'உம்'. இலங்கைத் தமிழருக்கு இது கடைத்தெருவில் காதில் விழும் செய்தி. எனக்குத் தெரியவந்தபோது ஆச்சரியமாக இருந்தது.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஜப்பானிய 'மோ'. வாதாஷி மோ: நானும். தாரே மோ என்று தொடங்கி எதிர்மறையில் முடித்தால், யாரும் இல்லை. அமே கா ஃபுத்தே மோ: மழை பெய்தாலும். வினாச்சொல்லோடு சேர்ந்தால் அனைத்தையும் தழுவுவது, வினையோடு சேர்ந்தால் 'ஆனாலும்' ஆவது, இரண்டு பெயரோடும் தனித்தனியே ஒட்டி இணைப்பது என்று ஒவ்வொன்றும் நம் வீட்டு வழக்கம். ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எனக்கும் உறவு தேவையாகப் படவில்லை. லத்தீனுக்கும் நமக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை; ஆனால் அங்கே 'குவிஸ்' என்றால் யார், அதோடு 'குவே' என்ற இணைப்பு ஒட்டைச் சேர்த்தால் 'குவிஸ்குவே', ஒவ்வொருவரும். யார் என்ற கேள்வியோடு 'உம்'மைச் சேர்த்தால் பதில்களெல்லாம் வரிசையில் வந்து நின்றுவிடுகின்றன. மனிதர்கள் வெவ்வேறு இடத்தில் உட்கார்ந்து ஒரே யோசனையை யோசித்திருக்கிறார்கள்.

ரோம் நகரில் சாக்கடை மூடிகளில்கூட எஸ்.பி.க்யூ.ஆர். என்று பொறித்திருக்கும். செனட்டும் ரோமானிய மக்களும் என்பதன் சுருக்கம். நடுவில் இருக்கும் க்யூ அந்தக் 'குவே'தான். ஓர் ஒட்டுக்குத் தனி எழுத்து ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் லத்தீன்காரர் அதைப் பின்னால் வரும் பெயரில் ஒருமுறை போட்டாலே போதும். நாம் இரண்டு பேருக்கும் போட வேண்டும். 'செனட் ரோமானிய மக்களும்' என்று எழுதினால் தமிழ் ஒற்றைக்காலில் நிற்கும். ஆங்கிலப் பழக்கத்தில் நடுவில் 'மற்றும்' என்று நட்டுவைப்பது ஒற்றைக்காலுக்குக் கொடுத்த ஊன்றுகோல். அதைப் பற்றி நிறையப் பேர் திட்டியாகிவிட்டது. நான் வேறு திட்ட வேண்டாம்.

ஒத்துப்போகும் இடங்களைவிட விலகும் இடங்களில்தான் தொழில் இருக்கிறது. ஜப்பானியத்தில் 'சன்னின் மோ கித' என்றால் மூன்று பேரும் வந்தார்கள் என்று நாம் எழுதிவிடுவோம். அதன் பொருள் அதுவல்ல. மூன்று பேர் வந்துவிட்டார்களே, இவ்வளவு பேரா என்ற வியப்பு. எண்ணோடு 'மோ' சேர்ந்தால் அவர்களுக்குத் தொகை பெரிதாகத் தெரிகிறது. எண்ணோடு 'உம்' சேர்ந்தால் நமக்குக் கணக்கு முடிகிறது. தமிழில் அந்த வியப்பைக் காட்ட 'உம்' உதவாது. 'மூன்று பேர் வந்து நிற்கிறார்கள்' என்று வினையில் அழுத்த வேண்டும். இதேபோல 'பாட்டிக்கும் தெரியும்' என்பதில் பாட்டி பட்டியலில் இன்னொருத்தியா, தெரிந்திருக்கவே வாய்ப்பில்லாதவளா என்பது குரலில் தெரியும், அச்சில் தெரியாது. இரண்டாவது என்றால் 'பாட்டிக்குக்கூட' என்று எழுதுகிறேன். பேச்சுத்தமிழ் 'கூட'வைப் பிடித்து வைத்திருப்பதே இந்த இடைஞ்சலுக்காகத்தான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

எல்லாவற்றிலும் தொல்லை கொடுப்பது எதிர்மறை. 'எல்லாரும் வரவில்லை' என்றால் ஒருவரும் வரவில்லையா, சிலர் வரவில்லையா? இரண்டும் ஆகும். முற்றைக் காட்டும் 'உம்' மிச்சம் வைக்கவும் கூடும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. பத்தையும் கொடுக்காதே என்றால் சிலவற்றைக் கொடு என்றும் பொருள்படும் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்கிறோம். மின்னுகிற எதுவுமே பொன்னில்லை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, பொன்னும் மின்னத்தானே செய்கிறது! பழமொழியில் உலக அறிவு வந்து கைகொடுக்கிறது. படிவத்தில் அது கைகொடுக்காது.

'ஆதார் அட்டையும் குடும்ப அட்டையும் இல்லாதவர்கள் சான்றிதழ் இணைக்க வேண்டும்' என்று ஒரு வரியை வைத்துக்கொள்வோம். குடும்ப அட்டை மட்டும் கையில் இருக்கும் பெண்மணி இணைக்க வேண்டுமா, வேண்டாமா? இரண்டும் இல்லாதவருக்குத்தான் இது என்று அவர் நினைப்பார். இரண்டும் சேர்ந்து இல்லாத எல்லாருக்கும் என்று சன்னலுக்கு உள்ளே இருப்பவர் நினைப்பார். இருவர் பக்கமும் இலக்கணம் இருக்கிறது. அலைவது மட்டும் அந்தப் பெண்மணி.

படிவங்களைத் தமிழாக்குகிற நண்பர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: இல்லாத, வராத, செலுத்தாத என்று எதிர்மறை வரும் வரிகளில் 'உம்'மை நம்பாதீர்கள். 'இரண்டில் ஒன்றுகூட இல்லாதவர்கள்' என்றோ, 'இரண்டில் ஏதேனும் ஒன்று இல்லாதவர்கள்' என்றோ விரித்து எழுதுங்கள். வரி கொஞ்சம் நீளும். நீளட்டும்.