சாட்சிக் கையெழுத்து

கிள்ளான் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர், மகளின் படிப்புச் செலவுக்காக ஒரு வட்டிக்காரரிடம் 5,000 வெள்ளி கடன் வாங்கினார். “வாத்தியாரே, ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடுங்க” என்று பத்திரத்தை நீட்டினார். போட்டுக் கொடுத்தேன். படித்துப் பார்க்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அழுதுகொண்டு வந்தார். மாதம் 500 வெள்ளி கட்டியும், “எல்லாம் வட்டிக்கே சரி, முதல் அப்படியே நிற்கிறது” என்கிறாராம் வட்டிக்காரர். சம்பளம் விழும் வங்கி அட்டையும் அவர் கையிலேயே இருக்கிறதாம். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

சனிக்கிழமை இருவரும் ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் சென்றோம். தோட்டப் பாட்டாளிகளின் சிறுசேமிப்பைத் திரட்டி 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் துன் சம்பந்தன். அவர் பெயர் தாங்கிய சாலையில், ஒரு மாடியில் இருந்தது வழக்கறிஞர் அம்மாவின் அலுவலகம். இருபது ஆண்டுகளாகக் கடன் வழக்குகளையே எடுத்து நடத்துபவர். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான்.

பத்திரத்தைப் படித்தவர் நிமிர்ந்தார். “இதில் கடன் 10,000 வெள்ளி என்றிருக்கிறதே, வாத்தியாரையா! நீங்கள் பார்க்கவில்லையா?”

தலை குனிந்தேன். பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் நான், என் பெயருக்கு மேலே இருந்ததைப் படிக்கவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். 1951-ஆம் ஆண்டின் வட்டித்தொழில் சட்டம் 2003-இல் திருத்தப்பட்டது. அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டு வட்டி 18 விழுக்காட்டையும், அடமானக் கடனுக்கு 12 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. வட்டிக்கு வட்டி கூடாது. வழக்கறிஞர் போன்ற ஒருவர் பத்திரத்தை விளக்கிச் சொல்லிச் சான்றொப்பமிட வேண்டும். பத்திரத்தின் நகல் ஒன்று கடன் வாங்குபவர் கைக்கு வந்த பிறகே பணம் கைமாற வேண்டும். உரிமம் இல்லாதவர் எழுதி வாங்கிய பத்திரம் நீதிமன்றத்தில் செல்லாது. எங்கள் வட்டிக்காரருக்கோ உரிமமே இல்லை!

நான் மனக்கணக்குப் போட்டேன். 5,000 வெள்ளிக்கு ஓராண்டுக்குச் சட்டப்படி வட்டி 900 வெள்ளிதான். அக்கா எட்டே மாதத்தில் 4,000 வெள்ளி கட்டியிருந்தார்.

“இப்போது கடன்காரன் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிடுகிறான்” என்றார் அம்மா. “கடன் தருமுன்னே ‘பதிவுக் கட்டணம்’ கேட்டால் அவன் ஏமாற்றுக்காரன். வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் உரிமம் உண்டா என்று விசாரிக்காமல் கைநீட்டாதீர்கள். வங்கிக் கடன் கட்ட முடியாமல் தவிப்பவர்களுக்கு, 2006-இல் பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே இலவசமாக ஆலோசனை சொல்கிறது.”

போலீஸ் புகாரும் அம்மாவின் கடிதமும் சென்ற பிறகு, வங்கி அட்டை திரும்பி வந்தது. 2025-இல் நாடாளுமன்றம் புதிய நுகர்வோர் கடன் சட்டத்தையும் நிறைவேற்றியது. நல்லதுதான். ஆனால், படிக்காமல் கையெழுத்திடும் கையை எந்தச் சட்டம் வந்து பிடிக்கும்?

இப்போது ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விழுக்காட்டுக் கணக்கை ஒரு கடன் பத்திரத்தை வைத்தே நடத்துகிறேன். வீட்டில் ஏதாவது பத்திரம் வந்தால், அம்மா அப்பாவுக்கு அதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அதுவே அவர்களுக்கு நான் தரும் வீட்டுப்பாடம்.