சாந்தோமில் ஒரு ஹெரால்டு

நடவு முடிஞ்ச கையோட போன வாரம் சாந்தோம், மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல்ல அவரோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1960-கள்ல நம்ம சென்னையிலயே தயாரான வண்டி. கடல் உப்புக்காத்து பாடியை மட்டுமில்ல, ஸ்டார்ட்டர் மோட்டாரையும் தின்னுடுச்சு.

“மாப்ளே, தினம் யாரு தள்ளுறது? புதுப்பேட்டைல போட்டுட வேண்டியதுதான்”னார். சொல்லும்போது பானட்டை விட்டுக் கையை எடுக்கல.

மெக்கானிக் கைக்கு அடக்கமா ஒரு கியர் ரிடக்‌ஷன் ஸ்டார்ட்டர் கொண்டுவந்தார். உள்ளே மோட்டார் சின்னது, வேகமா சுத்தும். பல்சக்கரம் அந்த வேகத்தைக் குறைச்சு இழுவையைக் கூட்டும். பேட்டரியையும் அதிகம் உறிஞ்சாது. வாங்கிடலாம்னுதான் இருந்தோம். அப்பத்தான் கவனிச்சேன், பேட்டரியோட பாசிட்டிவ் வயர் பாடியில! (டிராக்டர்காரனுக்கு கார்ல என்ன வேலைன்னு கேக்காதீங்க. எங்க பழைய டிராக்டரும் அப்படித்தான்.)

பழைய மோட்டார்ல காந்தத்துக்குப் பதிலா கம்பிச்சுருள். வயரை மாத்திக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுத்தும். புதுசுல இருக்கிறது நிலைக்காந்தம். மாத்திக் கொடுத்தா தலைகீழாச் சுத்தும். பினியன் பல்லையும் எண்ணினோம், ஒண்ணு குறைவு.

திருப்பிக் கொடுத்துட்டோம். பழைய மோட்டாரையே கழட்டி, புஷ், கார்பன் மாத்தக் கொடுத்திருக்கு. நாலு நாள் ஆகுமாம். அதுவரைக்கும் புதுப்பேட்டைப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு மாமாகிட்ட சொல்லிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.