பதினேழு பேர், மூணு நாள், அடுப்பு மூட்டாத பயணம்

எங்க பக்கம் சம்பா அறுத்து நெல்லைப் போட்டு கையில நாலு காசு வந்ததும், ஊர்ல ஒரு கும்பல் எங்கேயாவது கிளம்பும். பெரும்பாலும் கோயில் பயணம்தான். வேனுக்குப் பின்னாடி அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, அண்டா, கரண்டி எல்லாம் ஏறும். சத்திரமோ மண்டபமோ வந்ததும் ஆம்பளைங்க நாங்க துண்டை எடுத்துக்கிட்டு குளிக்கப் போயிடுவோம். பொம்பளைங்க வெங்காயம் உரிக்க உட்கார்ந்துடுவாங்க. செலவு கம்மி, வயித்துக்கும் கெடுதல் இல்லை என்பது காலம்காலமா சொல்லிவரும் கணக்கு.

இந்தத் தடவை கேரளாவில் குட்டநாடு போகலாம் என்று முடிவானது. ஆளுக்கு மாசம் 500 ரூபாய் வீதம் பதினாறு மாசம் சேர்த்து வைத்திருந்தோம். பெண்கள் ஒன்பது பேர், ஆண்கள் எட்டு பேர். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம் என்பதால் பெரியவர்கள் மட்டும். பேச்சு "எத்தனை கிலோ அரிசி எடுத்துக்கலாம்" என்ற இடத்துக்கு வந்தபோதுதான் என் சித்தி வாயைத் திறந்தாங்க.

"மூணு நாளும் நான் அடுப்பு மூட்ட மாட்டேன். இங்க பொங்குறதை அங்க வந்து பொங்குறதுக்கு எதுக்கு ரயிலு? சம்மதம்னா வர்றேன். இல்லைன்னா நீங்களே போயிட்டு வாங்க."

மத்த எட்டு பேரும் ஒண்ணும் சொல்லலை. ஆனா யாரும் மறுத்தும் பேசலை. அதுக்கப்புறம் எங்கே தங்குறது, எங்கே சாப்பிடுறது என்பதை எல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் தீர்மானித்தது. சுற்றுலா போகிற நகரத்து நண்பர்களுக்கும் உதவும் என்பதால் விவரமாவே எழுதுறேன்.

முதல்ல பேச்சில் வந்தது படகு வீடு. ஆலப்புழை என்றாலே எல்லாருக்கும் அதுதான் ஞாபகம் வரும். அதோட மூலம் கெட்டுவள்ளம். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் கட்டிச் செய்த சரக்குப் படகு. குட்டநாட்டு நெல் அந்தக் காலத்தில் அதில்தான் போனது. நெல் ஏற்றிய படகில் நாமும் ஒரு ராத்திரி படுக்கலாமே என்று எனக்கே ஆசைதான். விசாரித்தால், மத்தியானம் ஏற்றி மறுநாள் காலை 9 மணிக்கு இறக்கிவிடுகிறார்கள். சாயங்காலம் ஆனால் படகைக் கரையில் கட்டிவிடணும், ராத்திரி மீன்காரர்கள் வலை போடும் நேரம். ஆக, ஓடாத படகில் ஏசி போட்டுத் தூங்கத்தான் அவ்வளவு காசு. ராத்திரித் தங்கலை விட்டுவிட்டு, பகலில் மட்டும் ஓடும் படகை ஒரு நாளைக்குப் பேசிக்கொண்டோம். மத்தியானச் சாப்பாடு அதிலேயே கிடைத்தது.

ராத்திரி தங்கினது ஹோம்ஸ்டேயில். வீட்டுக்காரர்கள் அங்கேயே குடியிருந்து, ஒரு சில அறைகளை விருந்தாளிகளுக்குக் கொடுப்பார்கள். கேரளச் சுற்றுலாத் துறை இந்த வீடுகளுக்கு டைமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் போட்டுச் சான்றிதழ் தருகிறது, கேட்டால் காட்டுவார்கள். ஒரே வீட்டில் பதினேழு பேர் கொள்ளாது என்பதால், கைனகரி பக்கம் அடுத்தடுத்து இரண்டு வீடு பிடித்தோம்.

கும்பலாகப் போகிறவர்கள் போனில் கேட்க வேண்டியது அறை எத்தனை என்பதை விட, பாத்ரூம் எத்தனை என்பது. அடுத்து, முழங்கால் வலிக்காரர்களுக்குக் கீழ்த்தளத்தில் அறையும் வெஸ்டர்ன் கக்கூஸும் உண்டா என்று கேளுங்கள். மூணாவது, படகிலிருந்து வீட்டுக்கு ஏறும் படி எப்படி இருக்கும் என்பது. சில வீடுகளுக்கு ரோடே கிடையாது, படகு மட்டும்தான். எங்க பெரியம்மாவைப் படகிலிருந்து படிக்கு ஏற்ற ரெண்டு பக்கமும் ஆள் நிக்க வேண்டியிருந்தது.

தண்ணீர் விஷயம் ஒண்ணு சொல்லணும். சுத்திலும் தண்ணி, ஆனா குடிக்கிற தண்ணிக்கு அங்கே கஷ்டம். பல இடங்களுக்கு அதுவும் படகில்தான் வருகிறது. பதினேழு பேர் வாளி வாளியாக ஊத்திக் குளித்தால் வீட்டுக்காரர் பாடு என்னாகும்? முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிட்டோம். சாப்பாட்டு மேசையில் வைக்கும் தண்ணீர் இளஞ்சிவப்பா இருக்கும். பயப்பட வேண்டாம், பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சினது.

இனி சாப்பாடு. காலையில் புட்டும் கடலைக் கறியும், மறுநாள் அப்பமும் முட்டைக் கறியும். மத்தியானம் மட்டை அரிசிச் சோறு, தோரன், மோர்க்கறி, குடம்புளி போட்ட மீன்குழம்பு. முதல் நாள் எங்க மாமா ஒருத்தர் சோற்றைப் பிசைஞ்சு பாத்துட்டு, "இன்னும் ஒரு கொதி விடணும் போலயே" என்றார். அந்த அரிசி அப்படித்தான், தடிச்ச சிவப்பு அரிசி. ரெண்டாம் நாள் அவர்தான் மறு சோறு கேட்டவர். வாழையிலையில் சுட்ட கரிமீன் கட்டாயம் சாப்பிடணும். கேரளாவின் மாநில மீன் அதுதான். கடைகளில் மீனின் அளவைப் பார்த்து விலை போடுவார்கள், அதனால் இலையில் விழுவதற்கு முன்னாடி விலையைக் கேட்டுக்கோங்க. வாத்துக்கறியும் அந்த ஊர்ச் சிறப்பு.

ஒரு மத்தியானம் கள்ளு ஷாப்புக்குப் போனோம். நம்ம ஊர்ல 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. அங்கே அரசு உரிமத்தோடு நடக்கிற கடை. குடிக்கிறவர்களை விடச் சாப்பிட வருகிறவர்கள் அதிகம் போலத் தெரிந்தது. குடும்பத்துக்கென்று தனி இடம் இருக்கிற கடையாகப் பார்த்து எல்லாரும் உட்கார்ந்து கப்பைக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டோம். பெரியம்மாதான் முதல்ல முந்தானையை வாயில வச்சுக்கிட்டு கூச்சப்பட்டாங்க. காரமான கக்கா வறுவல் வந்ததும் கூச்சமெல்லாம் போச்சு. சைவம் சாப்பிடுகிற ரெண்டு பேரையும் அன்னைக்கு ஆலப்புழைக்குத் தெற்கே இருக்கிற அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலுக்கு அனுப்பினோம், அங்கத்துப் பால்பாயசம் பேர்போனது. அது சீக்கிரம் தீர்ந்துவிடும், நேரத்தோடு போகணும்.

வீட்டுக்காரரும் விவசாயி என்பதால் எனக்கு ரொம்ப சௌகரியமாகப் போச்சு. காலையில் வரப்பு மேல கூட்டிப்போனார். ஒரு பக்கம் ஆறு மேலே ஓடுது, மறு பக்கம் வயல் கீழே கிடக்குது. கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த நிலம். வெளிக்கரை கட்டி, உள்ளே நிக்கிற தண்ணியை எல்லாரும் சேர்ந்து இறைச்சு வெளியே தள்ளினால்தான் விதைக்க முடியும். அப்படிக் கூட்டாகச் செய்கிற வயல் பரப்பைப் பாடசேகரம் என்கிறார்கள். 2013-ல் ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் இந்த விவசாய முறைக்கு உலகப் பாரம்பரிய அங்கீகாரம் கொடுத்தது. எங்களுக்கு மேட்டூர்லேர்ந்து தண்ணி வரணும், அவங்களுக்குத் தண்ணி போகணும். ரெண்டு பேரும் வானத்தைப் பாத்துட்டுத்தான் உக்காந்திருக்கோம்.

புஞ்சை அறுவடை தொடங்கியிருந்தது. வயலுக்குள்ளேயிருந்து தமிழ்ப் பேச்சு கேட்டது. பார்த்தால் தமிழ்நாட்டிலிருந்து போன அறுவடை மிஷினும் அதன் டிரைவரும்! மிஷினைப் படகில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்குவார்களாம்.

அவர் வீட்டுச் சுவரில் ஒரு கறைக்கோடு, என் நெஞ்சுயரத்துக்கு. 2018 ஆகஸ்ட் வெள்ளம் நின்ற அடையாளம். வெள்ளை அடிக்கும்போது அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிடச் சொன்னாராம். அதே வருஷம் நவம்பர்ல எங்களுக்குக் கஜா புயல். விழுந்த தென்னையைப் பத்தி நான் சொல்ல, மூழ்கின நெல்லைப் பத்தி அவர் சொல்ல, திண்ணையில் ராத்திரி பதினொரு மணி ஆயிடுச்சு. படகு வீட்டில் இந்தப் பேச்சு கிடைத்திருக்காது.

படகில் ஏறுகிறவர்களுக்கு ஒண்ணு அழுத்திச் சொல்லணும். 2023 மே மாதம் மலப்புறம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு. கும்பலாகப் போனால் "இன்னும் ரெண்டு பேர்தானே" என்ற பேச்சு கண்டிப்பா வரும். விடாதீங்க. எத்தனை பேருக்கு அனுமதி என்று கேளுங்கள், எல்லாருக்கும் மிதவைச் சட்டை இருக்கான்னு எண்ணிப் பாருங்கள். அக்கம்பக்கம் போய்வர அரசு நீர்ப்போக்குவரத்துத் துறை படகு இருக்கு. ஆலப்புழை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. கட்டணம் ஏறக்குறைய பஸ் டிக்கெட் அளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மீன்கூடைக்காரம்மாவும் ஏறி இறங்குகிற அந்தப் படகில் போனதுதான் எங்க பெண்களுக்கு ரொம்பப் பிடித்தது.

செலவு? சேர்த்த பணத்துக்குள்ள முடிஞ்சது. அரிசி மூட்டையும் அடுப்பும் தூக்கிட்டுப் போயிருந்தா ஆளுக்கு ஆயிரம், ஆயிரத்தி ஐநூறு மிச்சமாகியிருக்கும். ஒன்பது பெண்களோட மூணு நாளைக்கு அதுதான் விலை என்றால் ரொம்ப மலிவு.

ஆனா ஒரு விஷயம் மனசில் நின்னுடுச்சு. நம்ம பெண்கள் அடுப்பைத் தொடலை, சரி. பதினேழு பேருக்கு அங்கே ஆக்கிப் போட்டதும் ஒரு பொம்பளைதானே. வீட்டுக்கார சேச்சி விடியற்காலை நாலு மணிக்கே எழுந்துவிடுவார். கடைசி நாள் சாப்பாடு முடிந்ததும் சித்தி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீங்க எப்பம்மா ஊருக்குக் கீருக்குப் போவீங்க?" என்று கேட்டாங்க. சேச்சி சிரிச்சுக்கிட்டே, ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணி போவோம் என்றார். அதே எர்ணாகுளம் - காரைக்கால் ரயில், எங்க ஊரைத் தாண்டித்தான் போகுது!

"அப்ப அடுத்த தடவை திருவாரூர்ல இறங்குங்க, ரெண்டு நாள் எங்க வீட்டுல தங்கணும்" என்றாங்க சித்தி. சேச்சி தலையாட்டினதும், எங்க பக்கம் திரும்பி, "சமையல் இவங்க பொறுப்பு" என்று எட்டு ஆம்பளைங்களையும் கைகாட்டினாங்க.

மாமா இப்பவே மீன்குழம்பு வைக்கப் பழகிக்கிட்டிருக்கார். குடம்புளிதான் இங்கே கிடைக்கலை.